சுகமான நித்திரை

நாகஜோதி சாட்சி சொல்ல எழுந்தால் சபைக்குக் கொண்டாட்டம்தான். மற்றவர்கள் இரண்டு வரியில் முடிப்பதை அவள் இழுத்து நீட்டிக் கண்ணீரோடு முடிப்பாள். வீரபாண்டிப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னச் சபையில், ஞாயிறுதோறும் பாட்டு முடிந்ததும் அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்வது வழக்கம்.

"செவ்வாக்கெழம பேய்க்காத்து அடிச்சுச்சுல்ல, தெருவுல எத்தனையோ வீட்டுத் தகரம் பறந்துச்சு. எங்க புது வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல. கர்த்தர் அடைக்கலமா இருந்து சுகமான நித்திரையத் தந்தாரு."

எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அதில் ஓங்கி ஒலித்த குரல் சுருளியம்மாளுடையது. பறந்த தகரங்களில் அவளுடையதும் ஒன்று. நாகஜோதிக்குச் சுருக்கென்றது.

அந்தச் செவ்வாய் இரவு நனைந்த மூட்டையும் ஆடுமாகச் சுருளியம்மாள் வந்து கதவைத் தட்டியிருந்தாள். சன்னல் இடுக்கில் பார்த்த நாகஜோதி, விளக்கைப் போடாமலே, ஓசை காட்டாமல் படுத்துக்கொண்டாள். புது டைல்ஸ் அழுக்காகும் என்பதெல்லாம் சாக்கு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாகிவிடுமோ என்பதுதான் பயம்.

அடுத்து சுருளியம்மாளே எழுந்தாள். நாகஜோதி குனிந்து பைபிளைப் புரட்டினாள். ஓர் எழுத்தும் கண்ணில் படவில்லை.

"எனக்கும் கர்த்தர் எடங் கொடுத்தாரு. கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வந்த சனம் மண்டபத்துல நகந்து படுத்து எடம் விட்டாக. ஆட்டையும் சேத்துக்கிட்டாக. கஞ்சியும் ஊத்துனாக."

சிலர் நெளிந்தார்கள். அம்மன் கோயில் மண்டபத்துக்கு இங்கே ஸ்தோத்திரம் சொல்லலாமா? பாஸ்டர் முந்திக்கொண்டு சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது.

"மொதல்ல நாகஜோதி வீட்டத்தான் தட்டுனேன். பாவம், காட்டு வேல பாத்த அலுப்புல அசந்துட்டா போல. அவளுக்கு அந்தத் தூக்கத்தக் கொடுத்தாரே, அதுக்கும் ஸ்தோத்திரம்."

சுருளியம்மாள் குத்திக் காட்டவில்லை. அப்படிப் பேச அவளுக்குத் தெரியாது. அதுதான் நாகஜோதியைக் கொன்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாகஜோதியம்மா, ஜெபம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"சுகமான நித்திரையத் தந்த ஆண்டவரே..." என்று வழக்கம்போலத் தொடங்கியவள் அந்த வரியைப் பாதியில் விட்டாள்.

"நான் தூங்கல, ஆண்டவரே. தட்டுனது கேட்டுச்சு. முழிச்சுக்கிட்டே கெடந்தேன். வீட்டக் குடுத்தீரு, நான் கதவத் தொறக்கல. விடியுற வரைக்கும் எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல."

நாகஜோதியால் ஆமென் சொல்லி முடிக்க முடியவில்லை. முடித்தால் கண்ணைத் திறக்க வேண்டுமே.

பக்கத்தில் வந்து ஆமென் சொன்னது சுருளியம்மாள்தான். குரல் கம்மியிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஆத்தா, மண்டபத்துல இருந்தவுக ஊருக்குக் கெளம்பிட்டாக. இன்னைக்கு ஒன் வீட்டுல படுத்துக்கிடவா?"

வாங்க என்று சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நாகஜோதி கூசிப்போனாள். ஆனாலும் சொன்னாள்.