கூட்டம் என்று எழுதிய இழுப்பறை

தூக்கிய கை, ஐந்து விரலும் விரிந்திருக்கிறது, கைக்குக் கீழே திறந்த வாய், வாய்க்குள் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சந்து, பின்னால் வெள்ளைத் தொப்பிகள், இன்னும் சில கைகள், இன்னும் சில வாய்கள், கண்ணை மூடினால் இதுதான் வருகிறது, திறந்தாலும் கொஞ்ச நேரம் நிற்கிறது, இத்தனைக்கும் அந்தப் படம் என்னிடம் இல்லை, அதைப் போட்ட 'கிழக்கு வெளிச்சம்' நாளிதழும் இப்போது இல்லை, பினாங்கில் அது நடந்த கட்டடத்தில் மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள், நல்ல காரியம், நாங்கள் கெடுத்த கண்களுக்கு அவர்கள் பரிகாரம் செய்கிறார்கள். நான் அங்கே துணையாசிரியர், பக்கம் கட்டுகிறவன், என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரி, அதில் பதினான்கு இழுப்பறைகள், உள்ளே பழைய படங்களை அச்சடிக்கிற துத்தநாகத் தகடுகள், பிளாக் என்போம், புதிதாக ஒரு படத்தை பிளாக் ஆக்க லிம்முக்கு ஒரு நாள் வேண்டும், எங்களுக்குப் படம் எடுப்பதும் பிளாக் செய்வதும் லிம்தான், பத்திரிகைக்கோ அந்த ஒரு நாள் கிடையாது, நாலு மணிக்குப் பக்கத்தை மூடினால்தான் ஆறு மணி ஃபெரிப் படகில் பத்திரிகைக் கட்டு தீவைவிட்டு அக்கரைக்குப் போகும், ஆகையால் கைக்குக் கிடைத்ததைப் போடுவோம், ஒரே வெள்ளம் கிளந்தானிலும் வங்காளத்திலும் தஞ்சாவூரிலும் வந்தது, அதே தென்னைமரம், அதே மாடு, மாடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து இளைத்தது, தலைப்பாகை கட்டிய ஒருவர் எங்கள் பத்திரிகையில் மூன்று நாடுகளுக்கு மந்திரியாக இருந்தார், இரண்டு தடவை சுடப்பட்டு இறந்தார், மூன்றாம் தடவை பதவியேற்றபோது, பெரியவர் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார், நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன். இழுப்பறைகளில் சீட்டு ஒட்டியவன் நான், என் கையெழுத்து, வெள்ளம், ரயில், மந்திரி, கூட்டம் இந்து, கூட்டம் முஸ்லிம், கூட்டம் சீனர், கூட்டம் எதற்குக் கூடியது என்று எழுதச் சீட்டில் இடமில்லை, எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அந்த வருஷம் அக்கரையில், ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில், கோயில் ஊர்வலம் ஒன்று தொழுகை நேரத்தில் பள்ளிவாசலைக் கடந்தது, மேளம் நின்றது என்கிறார்கள் இவர்கள், நிற்கவே இல்லை என்கிறார்கள் அவர்கள், ஏதோ ஒரு கை ஒரு கல்லை எறிந்தது, தேரில் கட்டியிருந்த ஒரு குழல்விளக்கு உடைந்தது, அவ்வளவுதான், மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் நிருபர் தொலைபேசியில் சொன்னபோது அது ஒரு கல், பதினொன்றரைக்கு ஏழு, சாப்பாட்டுக்குப் பிறகு சரமாரி, மூன்று மணிக்குக் கல்லை எண்ணுவதை விட்டுவிட்டுக் காயம்பட்டவர்களை எண்ண ஆரம்பித்தார், மலாய்ப் பத்திரிகையில் மேளக்காரர்கள் பள்ளிவாசலுக்குள்ளேயே புகுந்துவிட்டதாக வந்தது, ஆங்கிலப் பத்திரிகை சிறு மனத்தாங்கல் என்று எழுதியது, சீனப் பத்திரிகை அன்று அந்த வழியாகப் போன பஸ் எத்தனை மணி நேரம் தாமதம் என்று எழுதியது, நடந்ததற்குப் பக்கத்தில் வந்தது அந்த ஒரு பத்திரிகைதான் என்று இப்போது நினைக்கிறேன். மூன்றே முக்காலுக்கு ஆசிரியர் வேலாயுதனார் என் மேசைக்கு வந்து, படம் இல்லாம எப்படிய்யா முதல் பக்கம், மொட்டையா இருக்கு, என்றார், நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, கையை நீட்டி ஐந்தாவது இழுப்பறையைத் திறந்தேன், கைகள் உயர்ந்திருக்கும் ஒரு பிளாக்கை எடுத்தேன், பிளாக்கில் எல்லாம் இடவலம் மாறியிருக்கும், பெற்ற தாயை வைத்தாலும் அடையாளம் தெரியாது, கீழே இரண்டு சொல் எழுதினேன், ஆவேசக் கூட்டம், மணி நாலு, பக்கம் மூடியது, டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் ஃபெரித்துறையில் உதுமான் கனி தன் கடையில் நின்றுகொண்டிருந்தார், நின்றுகொண்டிருக்கிறார், நாலு மொழிப் பத்திரிகையும் விற்கிற கடை, கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் பத்திரிகைகளைத் தொங்கவிட்டிருப்பார், என்னை மாப்ள என்பார், நான் மாமா என்பேன், இருபது வருஷமாக அப்படித்தான், அவர் சலாம் சொன்ன கையோடே என் நெற்றியைப் பார்த்து, இன்னிக்குத் திருநீறு கொஞ்சம் கோணலா இருக்கே, பக்கமும் இப்படித்தான் கட்டினியா, என்று கேட்கிற ஆள், அன்று எதுவும் கேட்காமல் பத்திரிகையை நீட்டினார், இதுல கத்துறது யாரு தெரியுதா மாப்ள, என்று வாயைத் திறந்து காட்டினார், மேல்வரிசையில் அந்தச் சந்து. நான் பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். போன கந்தூரிக்கு நம்ம ஊரு நாகூரார் தர்காவுல கொடி ஏத்துனப்ப எடுத்தது, நீ லிம்மு பக்கத்துல ஆடி அசைஞ்சு வர்ற, கொடி ஏறுது, நான் உன்னத்தான் கூப்பிடுறேன், வாய்யா, சீக்கிரம் வாய்யான்னு, அது சரி, கொடிமரம் எங்க போச்சு, என்றார். கொடிமரம் இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்கவில்லை, நான்தான் லிம்மிடம் வெட்டச் சொன்னேன், கந்தூரிச் செய்திக்கு முகங்கள் இருந்தால் போதும் என்று, அன்று கந்தூரியில் கொடுத்த நார்சாச் சோற்றை இரண்டு தடவை வாங்கித் தின்றவனும் நான்தான்.

முதல் நாள் அவர் சிரித்தார், இரண்டாம் நாள் தமிழ்ப் பத்திரிகை வாங்குகிறவர்கள் அவரைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய் வாங்கினார்கள், மூன்றாம் நாள் பள்ளிவாசல் ஜமாத்திலிருந்து இரண்டு பேர் வந்து, நம்மளக் கேவலப்படுத்துற பேப்பர நீங்களே விக்கிறீங்களே பாய், என்றார்கள், நாலாம் நாள் ஒரு மலாய் போலீஸ் சார்ஜன்ட் வந்து மிகுந்த மரியாதையோடு, அன்று மாலை அக்கரையில் உங்களுக்கு என்ன வேலை, என்று கேட்டார், அவரோ அன்று அக்கரைக்கே போகாதவர். சாயங்காலம் உதுமான் என்னிடம், இந்தக் கடைய விட்டா எனக்கு வேற எடம் இல்ல மாப்ள, நாலே வரி போடு, இது பழைய படம், கலவரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அது போதும், ஆனா ஒண்ணு, படத்த மட்டும் திரும்பப் போட்றாத, என்றார், அந்தக் கடைசி வார்த்தை என் காதில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. வேலாயுதனாரிடம் போய், ஐயா, மறுப்பு ஒண்ணு போடணும், என்றேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சர்க்கார்ல பத்திரிகை பெர்மிட் புதுப்பிக்கிற மாசம்யா இது, பழைய படம்னு நாமளே ஒத்துக்கிட்டா அப்புறம் அந்த மந்திரி, அந்த மாடு, எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமே, என்றார், மாட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் ஐயா என்றேன், அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ போனார், பக்கம் என் கையில், நான் என்ன செய்தேன், நாலு வரியா போட்டேன், எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, அதே பிளாக்கை முதல் பக்கத்தின் உச்சியில் வைத்தேன், கீழே பெரிய எழுத்தில் இவர் கல்லெறிந்தவர் இல்லை என்று தலைப்பு, அதற்குக் கீழே அவர் பெயர், கடை, கந்தூரி, கொடி, அவர் கூப்பிட்டது இதை எழுதுகிற என்னைத்தான் என்பதுவரை, இப்படி ஒரு மறுப்பு இந்த நாட்டிலேயே வந்ததில்லை என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன், வேலை போகும் என்று தெரியும், போயிற்று, அது கிடக்கட்டும். விடிந்ததும் ஃபெரித்துறைக்கு ஓடினேன், கயிற்றில் பத்திரிகை தொங்குகிறது, அச்சகத்திலிருந்து வந்தபடியே பாதியாக மடித்து, மடிப்பு சரியாகப் படத்தின் அடியில் விழுந்திருக்கிறது, தலைப்பு பின்பக்கம் போய்விட்டது, முன்னால் தெரிவது தூக்கிய கையும் திறந்த வாயும் மட்டும், முப்பது வருஷம் பக்கம் கட்டியவனுக்கு மடிப்பு எங்கே விழும் என்று தெரியாமல் போயிற்று. ஃபெரிக்கு வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், பாத்தியா, அதே ஆளு, மறுபடியும் ஆரம்பிச்சுட்டான், என்றார், அண்ணே, திருப்பிப் படிங்கண்ணே, கீழ எழுதியிருக்கு, என்றேன், எழுதுறவன் ஆயிரம் எழுதுவான், படந்தான் பேசுதே, என்றார், ஃபெரி வந்தது, போய்விட்டார், இன்னொருவர் வந்தார், நானும் இன்னொரு தடவை அதையே சொன்னேன், உதுமான் பத்திரிகைகளைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார், நின்னுக்கிட்டே பாக்குறவன்தான் மாப்ள நிறைய, வாங்கிப் படிக்கிறவன் நூத்துக்குப் பத்து, இருபது வருசமா இங்க நின்னு பாக்குறேன், அதான் படம் வேணாம்னேன், என்றார், குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

சனிக்கிழமை காலை கடை இருந்த இடத்தில் நாலு ஆணி இருந்தது, பலகைகள் தண்ணீரில் மிதந்தன, நாலு மொழியும் ஊறி ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன, யார் செய்தது என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள், இவர்கள் அவர்களை, அவர்கள் இவர்களை, சார்ஜன்ட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், சில சமயம் கனவில் அந்த ஐந்தாவது இழுப்பறையைத் திறக்கிறேன், உள்ளே கடல் தண்ணீர், கையை விட்டால் பலகை தட்டுகிறது, சீட்டில் என் கையெழுத்து மட்டும் கரையாமல் இருக்கிறது. அடுத்த வாரம் உதுமான் அக்கரையில் சித்தியவான் என்ற ஊரில் இருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டார், ஒரு தகரப்பெட்டியும் சுருட்டிய பாயும், வழியனுப்ப வராத மாப்ள என்று சொல்லியிருந்தார், ஆகையால் போனேன், அவர் ஃபெரியின் கம்பி ஓரம் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் பெட்டிமேல், ஒன்றன்மேல் ஒன்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் கை தூக்கிக் கூப்பிடுகிற மனிதர், தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் கடந்து போனார்கள், கை அசையவில்லை, கயிறு அவிழ்க்கிறார்கள், எனக்குப் பொறுக்கவில்லை, கையைத் தூக்கினேன், மாமா, மாமா, என்று இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன், அவர் திரும்பினார், கைய எறக்கு மாப்ள, எவனாச்சும் படம் எடுத்துறப் போறான், என்றார், வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் அந்தச் சந்து தெரியவில்லை, வாய் அவ்வளவு திறக்கவில்லை, ஃபெரி நகர்ந்தது, நான் இறக்கவில்லை, இன்னும் உரக்கக் கத்தினேன், துறையில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டாள், வரிசை என்னைவிட்டுக் கொஞ்சம் விலகியது, சார்ஜன்ட் என்னைப் பார்த்து மெல்ல நடந்து வந்தார், தூக்கிய கை, திறந்த வாய், நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.