குவாரிக்கு இன்னொரு அர்த்தம்

தெருமுனையில் திரும்பிய லாரியின் நெற்றியில் என் பெயர், கல்தூசி படிந்து பாதி மறைந்த சிவப்பு எழுத்து, வீரமலை அண்ணன் ஆசையாக எழுதவைத்தது, மாடி ஜன்னலில் நின்று பார்க்கிறேன், அன்று பார்த்தேனா இப்போது பார்க்கிறேனா தெரியவில்லை, நெஞ்சுக்குள் விசில் மாதிரி இழுக்கிறது, பின்னால் பாயில் இன்னாசி பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்திருக்கிறார்.

அந்தப் பேப்பரைத்தான் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தோம், டுடோரியலில் அவர் இங்கிலீஷ் வாத்தியார், நான் கணக்கு டீச்சர், வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து நாகர்கோவிலில் இந்தப் பேக்கரி மாடிக்கு ஓடிவந்த பிறகும் அவருக்கு வார்த்தைப் பைத்தியம் போகவில்லை, குவாரின்னா என்ன சொல்லு என்றார், எங்க அண்ணன் கல்லு ஏத்துற எடம், இதுகூடவா தெரியாது என்றேன், இங்கிலீஷ்ல இன்னொரு அர்த்தம் இருக்கு புள்ள, வேட்டைக்காரன் வெரட்டிட்டுப் போற மிருகத்துக்கும் அதான் பேரு என்றார், அப்ப நாமதான் குவாரி என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, என் உச்சந்தலையில் கைவைத்து, அந்த அர்த்தம் நமக்கு வேண்டாம் என்றார்.

இப்போது அண்ணன் லாரியிலிருந்து குதிக்கிறார், கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று, கனமானது, நீ பேக்கரி வழியா எறங்கிப் போயிரு, நான் பேசிக்கிறேன் என்கிறார் இன்னாசி, என்னால நடக்கவே முடியல, ஓடவா என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லுக்குப் பதில் இருமல்தான் வந்தது, படியில் செருப்புச் சத்தம், கதவை மறித்து நின்ற இன்னாசி நகரவில்லை.

அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார், என் உதட்டை, மேலும் கீழும் ஏறி இறங்குகிற என் கழுத்தை, பிறகு துண்டை உதறினார், உள்ளே நான் வீட்டில் விட்டுவிட்டு ஓடிவந்த, மூச்சுக்கு வைத்துக்கொள்ளும் மிஷின், குழாயும் மாஸ்க்கும் அப்படியே.

பிளக்கு எங்க இருக்கு, என் புருஷனிடம் அண்ணன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மாஸ்க்கை என் முகத்தில் அழுத்திப் பிடித்தபடி அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார், இவுக ஊருப் பக்கந்தான் வந்திருப்பேன்னு தெரியும் ஆயி, மருந்துக்கடை மருந்துக்கடையா விசாரிச்சேன், ஒங்களத் தேடி அலையுற பெரியப்பா ஆளுகளத் திருச்சிப் பக்கம் திருப்பி விட்டுட்டேன், அழுவாத, அழுதா இன்னும் இழுக்கும், வெள்ளைப் புகை உள்ளே போகப் போக அறை திரும்பி வந்தது, அண்ணனின் புருவத்துத் தூசி தெரிந்தது, மருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்று இன்னாசி கேட்க, அண்ணன் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

கீழேயிருந்து டீ வந்தது, அப்பா பேச நாளாகும், நான் கெளம்புறேன் என்று எழுந்தவரிடம், குடிச்சுட்டுப் போங்க மச்சான் என்று இன்னாசி தம்ளரை நீட்டினார், அண்ணன் நின்றார், நான் மாஸ்க்குக்குள் மூச்சை அடக்கிக்கொண்டேன், அவர் வாங்கினார், ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார், சீனி பத்தல மாப்ள என்றார்.