பங்குதாரர்களின் கேள்வி நேரம்

கம்பெனியின் காலாண்டு அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் அவள் கணவன் இருந்தான். மஞ்சள் ஹெல்மெட்டோடு, ஓடும் கன்வேயர் பெல்ட்டின் ரோலரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் பாதிதான் தெரிந்தது. அம்சவல்லிக்கு அந்தப் பிடரி போதும். கீழே அவன் பெயர் இல்லை. 'மொசாம்பிக்கில் எங்கள் அனுபவமிக்க குழு' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

நெய்வேலி மெயின் பஜாரில் அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் மதியத்துக்குமேல் கூட்டமிருக்காது. அப்போதுதான் இதையெல்லாம் படிப்பாள். கணவன் சிலம்பரசன் இருப்பது கிராஃபைட் தோண்டும் ஒரு சின்ன கம்பெனியில். அதன் பங்கு லண்டனில் சில காசுகளுக்கு விற்கிறது. போனில் அவன், "சாப்ட்டேன், நல்லாக்கிறேன்" என்பதற்குமேல் பேசமாட்டான். அறிக்கையோ அங்கே மழை பெய்ததை, சாலை அடித்துக்கொண்டு போனதை, புது ஜெனரேட்டர் வந்ததையெல்லாம் சொன்னது. மூன்று மாதத்துக்கொருமுறை கடுதாசி வந்தமாதிரி படிப்பாள். பங்கு விலை இறங்கினால், கம்பெனியை மூடிவிட்டால் வந்துவிடுவானே என்று மனசு ஓடும். உடனே மகள் தமிழ்நிலாவின் காலேஜ் ஃபீஸ் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அவன் போய் இரண்டு வருஷம் நாலு மாதம். இந்தப் பொங்கலுக்கும் வரவில்லை. "லீவு தரமாட்றாங்க, அம்சா" என்றான். இப்போது 'எதிர்காலம்' என்ற தலைப்பின் கீழ் புதிதாக ஒரு வரி: சுரங்கத்தின் இரண்டாம் கட்டம் முடியும்வரை, இன்னும் பதினெட்டு மாதத்துக்கு, இதே குழு தொடரும். முதலீட்டாளர்களுக்கு அது நல்ல செய்தியாம்.

கடைசிப் பக்கத்தில் அன்று மூன்றரை மணிக்கு ஆன்லைன் கூட்டம் என்றும், யாரும் கலந்துகொள்ளலாம் என்றும் இருந்தது. 'எந்த நிறுவனம்' என்று கேட்ட கட்டத்தில் சற்று யோசித்து, 'குடும்பம்' என்று அடித்துவிட்டு உள்ளே போனாள்.

விலை எப்போது ஏறும் என்றார் ஒருவர். கம்பெனியின் கையிலிருக்கும் பணம் எவ்வளவு நாளுக்கு வரும் என்றார் இன்னொருவர். "அடுத்த மார்ச் வரை. அதற்குள் திரட்டிவிடுவோமென்று நம்புகிறோம்" என்றார் கம்பெனித் தலைவர். அம்சவல்லி தன் கேள்வியைப் பலமுறை அழித்து அழித்து எழுதினாள். சுரங்க ஊழியர்களுக்கு ஏன் லீவு தருவதில்லை?

கேள்விகளை வாசித்த பெண் ஒரு கணம் நின்றுதான் அதைப் படித்தாள். தலைவர் நிதானமாகப் பதில் சொன்னார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவும் விமான டிக்கெட்டும் தருகிறோம். போகாமல் இருப்பது அவர்கள் விருப்பம். அவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம். அடுத்த கேள்வி.

யாரோ ஆதார் அட்டையை நீட்டினார்கள். இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தரைக்குக் கடையைவிட்டு வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டாள்.

"லீவு தராங்களாமே."

"யாரு சொன்னா?"

"ஒங்க கம்பெனித் தலைவரு. நான்தான் கேட்டேன்."

அந்தப் பக்கம் பெல்ட் ஓடும் இரைச்சல். அவன் அதைவிட்டு நடந்து தள்ளிப்போவது காதிலேயே தெரிந்தது.

"லீவு போடாம கடைசிவரைக்கும் இருக்கறவங்கள பெர்மனன்ட் பண்றாங்களாம், அம்சா. லெட்டரே குடுப்பாங்களாம்."

பெர்மனன்ட் என்ற சொல்லை அவன் சன்னதியில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னான். இங்கே ஒரு காண்டிராக்டரிடம் பதினாலு வருஷம் அந்தச் சொல்லுக்காகவே மைன்சுக்குள் இறங்கி ஏறியவன். கம்பெனியிடம் பணம் மார்ச் வரைதான் என்பது அவள் வாய்வரை வந்து நின்றது.

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்னா? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நெசத்த சொன்னா வந்துடுங்கன்னுவ. நீ சொல்லிட்டா என்னால இங்க இருக்க முடியாது." மூச்சு வாங்கினான். "இப்ப சொல்லு. வான்னா, நாளைக்கே டிக்கெட் போடச் சொல்றேன்."

எதிரே மைன்சிலிருந்து ஜெனரல் ஷிப்ட் பஸ் வந்து நின்றது. சாப்பாட்டுப் பைகளோடு ஆட்கள் இறங்கினார்கள். ஸ்கூட்டரில் காத்திருந்த ஒருத்தி, இறங்கியவனின் சட்டைக் காலரில் படிந்திருந்த பழுப்புத் தூசியைப் பேச்சை நிறுத்தாமலே தட்டிவிட்டாள்.

"அம்சா? கேக்குதா?"

"கேக்குது."

பஸ் கிளம்பிப் போனது. அது கிளப்பிய புழுதி சாய்ந்த வெயிலில் ரோட்டுக்கு மேலே அப்படியே நின்றுகொண்டிருந்தது.