தூரத்தைப் பாருங்க

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட, துணியைக் கிழித்து நீட்டினார் சைபுதீன். வீரலட்சுமி ஒரே சுற்றில் முடிச்சுப் போட்டாள். பூனைகளின் கால்களைக் கட்டிப் பழகிய விரல்கள், இப்போதும் நடுங்கவில்லை. அதுவே அவளுக்குக் கூசியது.

எர்ணாகுளத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மூளையில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் பூனைக்கு ஊசியில் ஏற்றி, பெட்டியில் அடைத்து, ராட்டினம்போலச் சுற்றவிடுவார்கள். கொட்டாவி, எச்சில், ஓங்கரிப்பு என்று வரிசையாகக் குறித்து, வாந்தி தள்ளிப்போகிறதா என்று அவள் பார்க்க வேண்டும். வாந்தியைச் சர்த்தி என்கிற மட்டாஞ்சேரி பஜாரிலோ அவள் சர்த்திக்கு மருந்து கண்டுபிடிக்கிற பெண். அப்படிச் சொல்லித் திரிந்ததே அப்பா செல்லப்பாதான்.

காலையில், மகளின் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கும் ஆசையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு படகேறினார். பாதிக் காயலில் கொட்டாவி விட்டார். எச்சில் விழுங்கினார். நெற்றி வேர்த்தது.

"நெஞ்சப் பெரட்டுதும்மா" என்றார்.

அதே வரிசை. மனிதரிலும் அதே வரிசை! அவளுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. தூரத்தைப் பாருங்க, சரியாயிடும் என்றாள். அவர் கீழ்ப்படிந்து பார்த்தார். அடுத்து ஓங்கரிப்பு வரும் என்று அவள் காத்திருந்தாள். கரை நெருங்கும்போது அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

வாசலில் பாடை கட்டியபடி சைபுதீன் பேசிக்கொண்டிருந்தார். செல்லப்பாவோடு அரிசி வள்ளத்தில் மூட்டை இறக்கியவர்.

"கர்க்கடக மாச மழையில வள்ளம் கவிழப் பாக்கும். நான் சர்த்திச்சுக் கெடப்பேன். இவன் நின்னுக்கிட்டே வறுத்த மத்தி மீனக் கடிப்பான். 'சைபு, ஒன் பங்கும் எனக்குத்தானே'ம்பான். ஒரு நாள் பெரட்டுனதில்ல அவனுக்கு."

வீரலட்சுமிக்கும் அது தெரியும். படகில் மட்டும் தெரியாமல் போயிற்று.

"கடைசியா என்னடி சொன்னாரு?" என்று கேட்டாள் அம்மா மாயம்மாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். "நெஞ்சப் பெரட்டுதுன்னாரு. நான்... தூரத்தப் பாக்கச் சொன்னேன்."

"பாத்தாரா?"

"பாத்தாரு."

மாயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூட்டை சொமந்த மனுசன், எங்க நிமிர்ந்து பாத்தாரு காயல? மக காட்டிக் குடுத்திருக்கா."

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்: பெரட்டுதுன்னாராம், மகள் தூரத்தைக் காட்டினாளாம், பார்த்துக்கொண்டே போனாராம்.

முதல் தடவை அது காதில் விழுந்தபோது சைபுதீன் நிமிர்ந்து வீரலட்சுமியைப் பார்த்தார். குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த கயிற்றை மறுபடியும் இறுக்கினார்.