ஸந்தீக் என்ற சொல்

என் பெயர் வஹ்னாம். பெத்லாபத் நெருப்புக்கோயிலின் தலைமைக் குருவுக்கு நான் எழுத்தர். பாரசீகம், அரமேயம் இரண்டு மொழியும் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

மானி என்ற தீர்க்கதரிசியின் புது மதத்தில் சேர்ந்தவர்களை ஊர் 'ஸந்தீக்' என்று ஏசும். யஸ்தீன் என்ற நெசவாளியையும் அப்படி ஏசியே தெருவழியாக இழுத்துவந்தார்கள். குரு ஆதுர்ஃபர்ன் கேட்டார்: "ஏன்டா, நீ ஸந்தீக்தானே?"

உதடு கிழிந்திருந்தும் யஸ்தீன் சிரித்தான். "ஆமாங்க சாமி. எங்க அரமேயத்துல ஸத்தீக்னா நல்லவன்; அதுதான் உங்க வாயில ஸந்தீக் ஆச்சு. காலையிலேருந்து ஊரே என்னை நல்லவன் நல்லவன்னு கத்துது. நான் எதுக்கு மறுக்கணும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். குருவின் முகம் கறுத்தது.

"வஹ்னாம், வேதத்துக்கு நாம எழுதற உரைக்கு என்ன பேரு?"

"ஸந்த், சாமி."

"அந்த ஸந்தைத் திரிக்கிறவன் ஸந்தீக். அவ்வளவுதானே?"

உரையைத் திரித்தவனுக்குக் கொலைத்தண்டனை. நல்லவன் என்ற பொருளானால் அவன் வெறும் வேற்று மதத்தான்; நாடுகடத்துவதோடு சரி. யஸ்தீன் என்னையே பார்த்தான். அவன் சொன்னதுதான் சரியென்று மானியின் புத்தகங்களை ஒளிந்து படித்த எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், "அவனுங்க புத்தகம் உனக்கெப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும்.

"ரெண்டு விதமாவும் சொல்லலாம், சாமி" என்றேன்.

குரு புன்னகைத்தார். "கேட்டியாடா? பண்டிதருக்கே சந்தேகமாம். சந்தேகம் இருக்கறப்ப உயிரை எடுக்கறது பாவம். அதைக் கிளப்பிவிட்ட நாக்கு போதும். வஹ்னாம், தலையை நீ பிடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். அவன் திமிறத் திமிற இன்னும் இறுக்கினேன்.

நாக்கறுத்த புண் சீழ்வைத்து ஒன்பதாம் நாள் செத்தான். மறுநாள் அவன் மனைவி அஹாத்தா என் வாசலில் வந்து நின்றாள்.

"மெய்யாச் சொல்லுங்க. அந்தச் சொல்லுக்கு எது அர்த்தம்?"

"உன் புருஷன் சொன்னதுதான்."

"எப்பலேருந்து தெரியும்?"

"பல வருஷமா."

அவள் அழவில்லை. "வஹ்னாம் பயந்துட்டான், பாவம்னு மண்ணுல விரலால எழுதிக் காட்டிட்டுத்தான்யா அவரு கண்ணை மூடினாரு. எனக்கு அந்த மனசு இல்ல." என் முகத்தில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் குரு என்னைச் சொற்பொருள் ஏடு எழுதச் சொன்னார். 'ஸந்தீக்: ஸந்தைத் திரிப்பவன்' என்று எழுதினேன்.

"உன் எழுத்து முத்துமுத்தா இருக்குப்பா" என்றார்.