ஆயிரமாவது நாள் குரூப் போட்டோ

சோப்புத் தொழிற்சாலையில் ஒரு விபத்துகூட இல்லாமல் ஆயிரம் நாள் ஓடிவிட்டது. அதற்காக எல்லாரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னார் முதலாளி. போட்டோகிராபரும் அவர் மனைவியும் காலை எட்டு மணிக்கே வந்து இறங்கினார்கள். படம் எடுப்பது அவர். ஆட்களை நிறுத்துவது, காலரை இழுத்துவிடுவது, நடுநடுவே அவரைத் திட்டுவது எல்லாம் அந்த அம்மாள்.

முந்நூறு பேர் முற்றத்தில் வரிசை கட்டினார்கள். முன்னால் நாற்காலியில் முதலாளி. பக்கத்தில், '1000' என்று எழுதிய பலகையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் அந்த எண்ணைத் தன் கையாலேயே மாற்றி எழுதி வந்தவர் அவர்தான்.

போட்டோகிராபர் ஏணியில் ஏறிப் பார்த்தார். பின்வரிசையில் வெறும் தலைமுடிதான் தெரிந்தது. போதாக்குறைக்கு எல்லார் முகமும் பல் பிடுங்க வந்தவர்கள் முகமாக இருந்தது. அவர் பார்வை மெல்ல சைக்கிள் ஷெட்டின் சிமென்ட் ஷீட் கூரைக்குப் போயிற்று.

"வேண்டாங்க," என்றாள் மனைவி.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. போன மாசம் மரத்துல ஏறுனீங்க. இறக்க ஆறு பேர் வந்தாங்க."

"அந்தப் படம் எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு."

படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

பாதுகாப்பு அதிகாரி பலகையோடு ஓடிவந்தார். "சார், பெல்ட் இல்லாம மேல ஏறக்கூடாது."

"ரெண்டே நிமிஷம் சார்."

"ஏறட்டும் விடுய்யா, வெயில் மண்டையைப் பொளக்குது," என்றார் முதலாளி.

ஷீட்டில் ஆணி அடித்திருக்கும் வரிசைக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் மட்டும் கால் வைத்தால் ஆபத்தில்லை. இவ்வளவும் தெரிந்தவர்தான் போட்டோகிராபர். ஆணி வரிசையிலேயே அடி அடியாக நடந்து, நின்று, கேமராவைக் கண்ணில் வைத்தார். முந்நூறு முகமும் அடங்கிவிட்டன. இடது ஓரத்து லாரி டிரைவருக்கு மட்டும் பாதி முகம் வெட்டுப்பட்டது. அரையடி பின்னால் போனால் அவரும் வந்துவிடுவார்.

அந்த அரையடியில் ஆணி இல்லை.

மளுக்கென்று ஒரு சத்தம். வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. இடது கால் மேலே மடங்கிக் கிடந்தது. தொங்கிய காலிலிருந்து செருப்பு கழன்று கீழே ஏதோ ஒரு சைக்கிள் மணியில் விழ, அது 'டிரிங்' என்றது.

முற்றமே வெடித்துச் சிரித்தது. முதலாளி நாற்காலியோடு குலுங்கினார். போட்டோகிராபருக்கு வலி மறந்துபோயிற்று. காலையிலிருந்து தவம் கிடந்தது இந்த முகங்களுக்குத்தானே. விரல் தானாக அழுத்தியது.

"ஏங்க, அடி கிடி பட்டுச்சா?" மனைவி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அங்கயே நில்லு. படத்துக்குள்ள வர்ற."

நாலு பேர் சேர்ந்து அவரை உருவி இறக்கினார்கள். பாதுகாப்பு அதிகாரி வெளிறிப்போய் நின்றார்.

"ரத்தம் வருதா சார்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா கீறலா, காயமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அவரு நம்ம ஆளே இல்லய்யா. கணக்குல வராது," என்றார் முதலாளி.

அதிகாரி கூரையில் விழுந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். "கூரை நம்மளது சார்," என்று முனகிவிட்டு, கைக்குட்டையால் ஆயிரத்தைத் துடைத்துப் பூஜ்யம் போட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதலுதவி அறை நர்ஸுக்குத்தான் சந்தோஷம். ஆயிரம் நாளாக ஒரு நோயாளியைக் காணாதவர். முழங்காலுக்குக் கீழே நாலங்குலக் கீறல். நர்ஸ் இடுப்புவரை கட்டுப் போட்டு அனுப்பினார்.

படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டப்போவதாகச் சொன்னார்கள். மறுவாரம் பாதுகாப்பு அதிகாரி தயங்கித் தயங்கி ஸ்டுடியோவுக்கு வந்தார். எல்லாரும் சிரிக்கும் படத்தில் அவர் மட்டும் ஒரு கையில் பலகையும், இன்னொரு கை தலையிலுமாக நின்றார்.

"இந்தக் கையை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட முடியுமா சார்?"

போட்டோகிராபர் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கையை இறக்கிவிட்டார். அதிகாரியின் முகத்தைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.