பூஜ்யம் புள்ளி மூன்று

நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேனா என்பதில் எனக்கே முழு நம்பிக்கையில்லை. இதை என்னிடம் சொன்னவனும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொன்னான். அக்கா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியது மூன்று மணிக்கு என்பான். இன்னொரு நாள் மூன்றரை என்பான். நடுவில் வெகுநேரம் பேசாமல் இருப்பான்; அந்த இடங்களில் நானாக எதையாவது இட்டு நிரப்பியிருக்கலாம். எண்ணை மட்டும் அவன் ஒருநாளும் மாற்றியதில்லை. பூஜ்யம் புள்ளி மூன்று.

அவன் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். சேர்ந்த புதிதில் ஒரு துளி ரத்தம் சிந்தினாலும் முகம் தொங்கிப்போகும் என்பதால் கூடத்தில் அவனுக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்துவிட்டது. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கிய அக்காவே அப்படித்தான் கூப்பிட்டாள்.

அக்கா அப்போது பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுபவள். எட்டு வருடங்களுக்கு முன் அவள் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. கிருமியை எதிர்க்க வேண்டிய படை ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடித்து நொறுக்குகிற வாதம் அது. காலையில் கத்தரிக்கோலுக்குள் விரல் நுழையாது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அழுது யாரும் பார்த்ததில்லை. "விரலுங்க எல்லாம் சங்கம் வச்சு வேலைநிறுத்தம் பண்ணுது" என்பாள்.

இது நடப்பதற்கு ஒன்றரை வருடம் முன் மூட்டு மருத்துவர் ஒரு புது ஊசி எழுதிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை, தொடையில், தோலுக்கு அடியில். வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்து வந்து சொட்டுதான் அதைப் போட்டுவிடுவான். முதல் நாள் அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உள்ள போய் என்னடா பண்ணும்?"

"உடம்புல எங்கயாவது கிருமி வந்தா, அடிபட்டா, அங்க இருக்கற செல்லுங்க ஒரு சேதி அனுப்பும்க்கா. இண்டர்லூக்கின் ஆறுன்னு பேரு. அந்தச் சேதி போய் உக்கார மத்த செல்லுங்க மேல ஒரு இடம் இருக்கு. அதுக்கு ஏற்பின்னு பேரு. அங்க உக்காந்தாதான் காய்ச்சல், வீக்கம் எல்லாம் ஆரம்பிக்கும். உனக்கு அந்தச் சேதி சும்மா சும்மா ஓடிக்கிட்டே இருக்கு. இந்த ஊசி முன்னாடியே போய் அந்த இடத்துல உக்காந்துக்கும்."

"பஸ்ஸுல பையப் போட்டு சீட்டு பிடிக்கற மாதிரியா?"

"அதேதான்."

"அப்போ நல்லா பெரிய பையா போடு."

ஊசி வேலை செய்தது. அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஒரு புரதம் உண்டு, சி.ஆர்.பி. என்பார்கள். அந்தச் சேதி வந்து சேர்ந்தால் கல்லீரல் அதைச் செய்து ரத்தத்தில் கொட்டும். அக்காவுக்கு நாற்பத்திரண்டு இருந்தது, இரண்டே மாதத்தில் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. மாதாமாதம் அவனே அவள் ரத்தத்தை எடுத்து, அவனே பார்த்து, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவளும் கதவைத் திறந்ததும் "எவ்வளவு?" என்றுதான் கேட்பாள். எண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருடம் அவன் கண் அப்படித்தான் பழகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவை அவள் கணவர் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். இரண்டு நாளாக அடிவயிற்றின் இடது பக்கம் வலி என்றார். படிவத்தில் 'தினமும் உட்கொள்ளும் மாத்திரைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் யோசித்துப் பார்த்து 'இல்லை' என்று எழுதினார். ஊசி தினமும் இல்லை, மாத்திரையும் இல்லை. அதில் பொய் ஒன்றுமில்லை. பணியிலிருந்த பெண் மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், மெத்தென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. ரத்த மாதிரி மேலே சொட்டின் கூடத்துக்கு வந்தது.

வெள்ளையணு சரியாக இருந்தது. சி.ஆர்.பி. பூஜ்யம் புள்ளி மூன்று. சொட்டுக்கு மனசு லேசாகிவிட்டது. போனை எடுத்தான்.

"டாக்டர், எல்லாம் நார்மல். அது எங்க அக்காதான். ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன்."

முதல் வாக்கியம் அவன் வேலை. கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை.

மருத்துவர் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். கீழே இறங்கிப் போய் அக்காவை ஒரு எட்டுப் பார்க்க சொட்டுக்கு நேரமில்லை. மாதிரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தொண்டைப் புண்ணோடு வந்த குழந்தைக்கு சி.ஆர்.பி. அறுபது. ஈறு வீங்கிய ஒரு ஆளுக்கு இருபத்தெட்டு. எதிர் மேசையில் நுண்ணோக்கி பார்க்கிற பெண், ஊரில் யாரையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள், பதிவேட்டைப் புரட்டியபடி சிரித்தாள்.

"சொட்டு, வயித்து வலின்னு வந்த உங்க அக்கா ரத்தம் என் ரத்தத்த விட சுத்தமா இருக்கே. எனக்கு வெறும் ஜலதோஷத்துக்கே போன வாரம் ஒன்பது காட்டுச்சு. என்ன ரகசியம்? எனக்கும் சொல்லேன்."

"ரகசியம் என்ன, அந்த ஊசி..."

அவன் கையிலிருந்த குழாய் அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு?"

அவன் குழாயைத் தாங்கியில் வைத்தான். ஏற்பியில் ஊசி மருந்து உட்கார்ந்திருக்கிறது. குடல் வெந்து ஓட்டையே விழுந்தாலும் கல்லீரலுக்குச் சேதி போகாது. சேதி போகாமல் சி.ஆர்.பி. எப்படி ஏறும்? காய்ச்சல் எப்படி வரும்? அந்த எண் அக்கா நன்றாக இருப்பதைச் சொல்லவில்லை. ஊசி நன்றாக வேலை செய்வதைச் சொல்கிறது. முந்தாநாள் வெள்ளிக்கிழமை. போட்டுவிட்டவனும் அவன்தான்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், அரிதாகக் குடலில் துளை விழலாம் என்று ஒரு வரி உண்டு. அதை அவன் படித்திருக்கிறான். படித்து, அக்கா பயப்படுவாளே என்று மடித்துத் திரும்ப வைத்திருக்கிறான்.

வராந்தாவுக்கு ஓடிவந்து மாமாவுக்குப் போன் செய்தான்.

"மாமா, அக்கா எப்படி இருக்கா?"

"இப்பதான் மாப்ள வந்து படுத்தா. வலி சட்டுனு நின்னுடுச்சாம். மாத்திரை நல்ல மாத்திரை."

"எப்போ நின்னுச்சு?"

"வர்ற வழியில. ஒரு தடவை ஐயோன்னா, அப்புறம் விட்டுடுச்சுன்னுட்டா."

வீங்கிப் புடைத்திருப்பது வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் வலி அடங்கும் என்று சொட்டு எங்கோ கேட்டிருந்தான்.

"மாமா, உடனே அவளத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

"என்ன விளையாடறியா? ரெண்டு ராத்திரியா தூங்கல அவ. இப்பதான் கண்ண மூடியிருக்கா. நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்னதா டாக்டரம்மா சொன்னாங்க?"

"சொன்னேன் மாமா. தப்பு."

"ரத்தம் தப்பா பாத்துட்டியா?"

"ரத்தம் சரியாத்தான் பாத்தேன்." எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. ஏற்பி, இண்டர்லூக்கின் என்று ஆரம்பித்தால் மாமா போனை வைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டான். "மாமா, லிஃப்டுல ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு வைங்க. உள்ள மணிய அழுத்திக்கிட்டே இருக்கான். ஆனா ஒயரு வெட்டியிருக்கு. கீழ இருக்கற ஆளுக்குக் கேக்குமா?"

மாமா சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான்.

"அந்த ஊசிதான் மாமா ஒயர வெட்டியிருக்கு. மணி அடிக்கலன்னா லிஃப்ட் நல்லா இருக்குன்னு நான் சொல்லிட்டேன்."

மாமா முப்பது வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கியவர். அமைதியாக இருக்கிற லிஃப்டுக்குள் என்ன இருக்கும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"எழுப்பறேன்" என்றார்.

சொட்டு படிகளில் இறங்கி அவசரப் பிரிவுக்குப் போனான். மருத்துவர் ஒரு முதியவரின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சொட்டு நின்றபடியே கொட்டித் தீர்த்தான். அவர் கட்டை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ஏற்பிய அடைக்கற ஊசியா? படிவத்துல இல்லவே இல்லையே."

"கேட்டது தினசரி மாத்திரை, டாக்டர். அவரு இல்லன்னு எழுதிட்டாரு."

"அவருக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியும்ல? வாரா வாரம் போட்டு விடறது நீங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சக்கர நாற்காலி ஒன்று கடந்து போனது. மருத்துவர் தன் கையுறையைக் கழற்றி, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு, கூடையில் போட்டார்.

"நானும் கேக்கல" என்றார் மெதுவாக. "வரட்டும்."

அரை மணி நேரம் ஆனது. சொட்டு வாசலில் நின்றான். வருகிற ஒவ்வொரு வண்டியும் வேறு யாரையோ இறக்கிவிட்டுப் போனது. கடைசியில் அக்கா வந்தாள். தலை வாரி, வேறு உடை மாற்றிக்கொண்டு, தன் காலாலேயே நடந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் தான் பைத்தியக்காரத்தனம் செய்துவிட்டோமோ என்று அவனுக்குத் தோன்றியது.

"டேய் சொட்டு, தூங்கறவள எழுப்பிக் கொண்டாந்திருக்க. ஒண்ணுமில்லன்னு வரட்டும், அப்புறம் இருக்கு உனக்கு."

"திட்டுக்கா. நல்லா திட்டு. முதல்ல படு."

மருத்துவர் மறுபடி வயிற்றை அழுத்தினார். லேசாக முகம் சுளித்தாள், அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை. மருத்துவர் சொட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தயக்கம் இருந்தது. பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"நூத்தி இருபத்தி நாலு" என்றார்.

படுத்திருப்பவளுக்கு அது ஓடுகிறவளின் நாடி. நாடிக்குப் போகிற ஒயரை மட்டும் ஊசி வெட்டியிருக்கவில்லை.

"நிக்க வச்சு எக்ஸ்ரே. இப்பவே."

படம் திரையில் வந்தபோது மூன்று பேரும் பார்த்தார்கள். வலது பக்கம், நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் நடுவில், காற்று இருக்கக் கூடாத இடத்தில், மெல்லிய பிறை மாதிரி ஒரு கறுப்பு. மருத்துவர் அறுவை சிகிச்சை நிபுணரின் எண்ணைச் சுழற்றினார்.

மாமா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அது என்ன மாப்ள?"

"ஓட்டை வழியா வந்த காத்து, மாமா."

"இன்னும் கொஞ்ச நேரம் தூங்க விட்டிருந்தா?"



அறுவை மூன்றரை மணி நேரம் நடந்தது. பெருங்குடலின் ஓரத்தில் ஒரு சின்னப் பை பழுத்து உடைந்திருந்தது. வயிறெங்கும் சீழ். அக்கா பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள், ஐந்தாம் நாள் பிழைக்க மாட்டாள் என்றார்கள், பிழைத்தாள். ஏழு மாதம் இடுப்பில் மலப்பையோடு இருந்தாள். பிறகு குடலைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த ஊசியை இனி அவளுக்குப் போடக் கூடாது என்று மூட்டு மருத்துவர் சொல்லிவிட்டார். வேறு மருந்து பாதிதான் கேட்கிறது. விரல்கள் மறுபடி வீங்கின. வெட்டும் வேலையை விட்டுவிட்டு அதே இடத்தில் பிள்ளைகளுக்கு அளவெடுக்கிறாள். போனில் "ஒண்ணும் இருக்காது" என்று தான் சொன்னதையும், மடித்து வைத்த தாளையும் சொட்டு அவளிடம் சொன்னான். அவள் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அப்புறம் பேசினாள். மாமா இன்னும் லிஃப்ட் பழுது பார்க்கிறார். மருத்துவர் மேற்படிப்புக்கு வேறு ஊருக்குப் போய்விட்டார். நுண்ணோக்கிப் பெண் வேலையை விட்டு நின்று இரண்டு வருடம் ஆகிறது. படிவத்தில் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கிறது. சொட்டு அதே கூடத்தில் வேலை செய்கிறான். முடிவுகளைப் போனில் படித்துவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல், நோயாளி வீட்டில் என்னென்ன ஊசி போட்டுக்கொள்கிறார் என்று கேட்கிறான்.